கடும் ரத்தப்போக்கு முதலுதவி: ஒரு பள்ளிப் பயிற்சியும் பின்னர் வந்த விபத்தும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

ஒரு பள்ளியில் 14 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுக்குக் கடும் ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவி சொல்லிக்கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் அதே வளாகத்தில் ஒரு மாணவனின் கை கண்ணாடியில் அறுபட்டது. முதலில் அவனிடம் போய்ச் சேர்ந்தவர்களில் இருவர் அந்தப் பயிற்சியை முடித்தவர்கள். வகுப்பில் கற்றதில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை வரிசையாகப் பதிவுசெய்கிறோம். ஆட்களையும் இடத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டோம்.

அதற்கு முன்பும் அந்தப் பள்ளியில் முதலுதவி வகுப்பு உண்டு. காயத்தைக் கழுவு, மருந்து போடு, கட்டுப் போடு, கையை உயர்த்திப் பிடி என்ற அளவில் அது நின்றது. சமையலறைக் கத்தி கீறியதற்கு அது போதும். தமனி அறுந்தால் கணக்கே வேறு. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 70 மில்லி ரத்தம் இருக்கும். 50 கிலோ எடையுள்ள மாணவனுக்கு இது சுமார் மூன்றரை லிட்டர். அதில் ஒரு லிட்டர் போனாலே முகம் வெளுத்து, நாடி விரைந்து, பேச்சு குழறத் தொடங்கும். தொடையின் பெரிய தமனி முழுதாக அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். எந்த ஆம்புலன்ஸும் அதற்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்பவர்தான் செய்தாக வேண்டும், பள்ளியில் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் இன்னொரு மாணவர்.

பொதுமக்களுக்கு இதைக் கற்பிக்கும் இன்றைய முறை அமெரிக்காவில் உருவானது. 2012 டிசம்பரில் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 2013இல் அறுவை மருத்துவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடிப் பரிந்துரைகளை எழுதியது. 2015 அக்டோபரில் 'ஸ்டாப் த பிளீட்' (ரத்தப்போக்கை நிறுத்து) இயக்கம் தொடங்கியது. துப்பாக்கியே இல்லாத பள்ளிக்கு இது எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். கண்ணாடி, பட்டறை எந்திரம், வேலிக்கம்பி, இருசக்கர வண்டி இவை எல்லாப் பள்ளியைச் சுற்றியும் இருக்கின்றன என்பதே அவர்களுக்குச் சொன்ன பதில்.

பயிற்சி அமைப்பு

ஒரு வகுப்புக்கு 90 நிமிடம், 24 மாணவர்கள், மூன்று பயிற்றுநர்கள். எட்டுப் பேருக்கு ஒருவர் என்பதைத் தாண்டினால் யார் எப்படி அழுத்துகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது. முதல் 20 நிமிடம் பேச்சு, மீதி முழுக்கக் கைவேலை.

காய மாதிரிகளைப் பயிற்றுநர்களே செய்தார்கள். தடித்த ஸ்பாஞ்சுக் குழாயில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அடியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பொருத்தினார்கள். தண்ணீரில் சிவப்பு உணவு வண்ணம். பாட்டிலை விட்டு விட்டு அமுக்கினால் காயத்திலிருந்து பீறிட்டு வரும். காயத்தின் அடியில் சரியான இடத்தை விரலால் அழுத்தினால் நிற்கும், பக்கத்தில் அழுத்தினால் நிற்காது. விலை கொடுத்து வாங்கும் பொம்மைகளில் பல இந்த வித்தியாசத்தைக் காட்டுவதில்லை.

டூர்னிக்கெட் என்பது கையையோ காலையோ சுற்றிக் கட்டி, அதிலுள்ள தடியை முறுக்கி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை. அவை ஆறு இருந்தன. எல்லாம் நீல நிறப் பயிற்சிப் பட்டைகள். பயிற்சியில் திரும்பத் திரும்ப முறுக்கிய பட்டையும் தடியும் தளர்ந்துபோகும். அதை மறுபடி மருத்துவப் பெட்டியில் வைத்தால், தேவைப்படும் நாளில் தடி ஒடியலாம். பயிற்சிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று நிறத்தாலேயே பிரித்து வைப்பது நல்லது.

வகுப்பில் கவனித்தவை

ரத்தத்தின் அளவைக் கணிப்பதில் மாணவர்கள் இரண்டு பக்கமும் தவறினார்கள். வழவழப்பான தரையில் ஊற்றிய 200 மில்லி சிவப்புத் தண்ணீரை லிட்டர் கணக்கில் சொன்னார்கள். அரை லிட்டரைக் குடித்துவிட்ட தடித்த துண்டைக் காட்டியபோது 'கொஞ்சம்தான்' என்றார்கள். அதனால் அளவை விட்டுவிட்டு அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள்: பீறிடுகிறது, தரையில் தேங்குகிறது, துணி நனைந்துகொண்டே போகிறது, நிற்காமல் வழிகிறது, கைகாலின் ஒரு பகுதி துண்டாகிவிட்டது, அடிபட்டவர் குழப்பமாகப் பேசுகிறார் அல்லது மயங்குகிறார். இதில் ஒன்று இருந்தாலே கடும் ரத்தப்போக்கு. இந்தப் பகுதி எல்லோருக்கும் விரைவாகப் பிடிபட்டது.

அழுத்தம்தான் சிக்கல். காய மாதிரியை எடை பார்க்கும் கருவிமேல் வைத்து அழுத்தச் சொன்னார்கள். பெரும்பாலோர் ஒரு கையால், முழங்கை மடங்கியபடி, தரையில் குந்தி அழுத்தினார்கள். முள் 8, 10 கிலோவில் நின்றது. இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழங்கையை மடக்காமல், தோள் காயத்துக்கு நேர் மேலே வரும்படி முட்டிபோட்டுச் சாய்ந்ததும் அதே மாணவர்களுக்கு முள் 20 கிலோவைத் தாண்டியது. கைப்பலத்துக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. உடல் எடையை இறக்குவதுதான் வித்தை. ஆனால் 30 வினாடிக்குள் பலரும் கையைத் தூக்கி 'நின்னுடுச்சா?' என்று பார்த்தார்கள். பார்த்த கணத்தில் தண்ணீர் மறுபடி பீறிட்டது.

டூர்னிக்கெட் கட்டுவதில் எல்லோருக்கும் ஆர்வம். அதில் ஒரே தவறு மறுபடி மறுபடி வந்தது: பட்டையை முதலில் இறுக்கி இழுக்காமல் தடியை முறுக்கத் தொடங்குவது. பட்டைக்கும் தோலுக்கும் இடையே மூன்று விரல் நுழைய முடியாத அளவுக்கு முதலில் கையாலேயே இழுத்து ஒட்ட வேண்டும். அப்படி இழுத்தால் பொதுவாகத் தடியை மூன்று சுற்றுக்குள் முறுக்கினாலே ரத்தம் நிற்கும். தொய்வோடு தொடங்கினால் ஐந்தாறு சுற்று முறுக்கினாலும் பட்டை சுருண்டு தடிக்குமே தவிர, கையை நெரிக்காது.

ஒரு மாணவன் செயற்கை ரத்தத்தைப் பார்த்ததும் வியர்த்து மயங்கினான். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தியதும் தெளிந்தான். ஒரு மாணவி வகுப்பின் நடுவே எழுந்து போக அனுமதி கேட்டாள். காரணம் கேட்கப்படவில்லை. வீட்டில் விபத்தில் ஒருவரை இழந்தவர்களும், தம்மையே காயப்படுத்திக்கொண்ட அனுபவம் உள்ளவர்களும் இந்த வயதில் எந்த வகுப்பிலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

பாடத்தில் எடுத்த முடிவுகள்

உண்மைக் காயங்களின் படங்கள் எதுவும் காட்டப்படவில்லை. பார்த்தால் மனம் பழகும் என்று வாதிடுவோர் உண்டு. 90 நிமிடத்தில் யாருக்கும் எதுவும் பழகாது, பயம்தான் மிஞ்சும் என்பது பயிற்றுநர்களின் கருத்து. சிவப்புத் தண்ணீர் வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, விரும்பாதவர்கள் வெள்ளைத் தண்ணீரில் செய்யலாம், எழுந்தும் போகலாம் என்று அறிவித்தார்கள்.

டூர்னிக்கெட்டை ஒருவர் கையில் இன்னொருவர் கட்டிப் பார்க்கலாம், ஆனால் இறுக்கமாக உணரும் வரைதான். ரத்தம் நிற்கும் வரை முறுக்கும் பயிற்சி பொம்மைக் கையில் மட்டும். நண்பன்மேல் நண்பன் பலத்தைக் காட்டும் வயது என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

காயத்தை உயர்த்திப் பிடிப்பது, தூரத்துத் தமனியை அழுத்துவது ஆகிய பழைய உத்திகளை நீக்கினார்கள். அவை பயன் தருவதற்கு உறுதியான சான்று இல்லை. அதைவிட, செய்ய நான்கு வேலை இருந்தால் பதற்றத்தில் இருப்பவர் எளிதானதைத்தான் செய்வார். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது எளிது.

எந்த இடத்துக்கு எது என்பதைச் சுருக்கமாக வகுத்தார்கள். கையிலும் காலிலும் முதலில் அழுத்தம். அது போதாதபோதும், ரத்தம் பீறிடும்போதும் டூர்னிக்கெட். கட்டும் இடம் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, அதாவது உடல் பக்கமாக. அந்த இடத்தில் முழங்கையோ முழங்காலோ வந்தால் மூட்டுக்கு மேலே. இடுப்புமடிப்பு, அக்குள், கழுத்தடி ஆகிய இடங்களில் டூர்னிக்கெட் கட்ட முடியாது. அங்கே காயத்துக்குள் காஸ் துணியைத் திணித்து மேலிருந்து அழுத்த வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் திணிக்கக் கூடாது. அங்கே ரத்தம் கசியும் இடம் விரலுக்கு எட்டாது, மருத்துவமனைக்கு விரைவதே வழி. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது, அதன் இரு பக்கமும் அழுத்த வேண்டும்.

பெல்ட், கயிறு, ஷூ லேஸ் ஆகியவற்றால் கட்டுவது பாடத்தில் இல்லை. குறுகலான கயிறு தோலை வெட்டும், தமனியை அடைக்காது. பெல்ட் விறைப்பாக இருப்பதால் முறுக்க வராது. துணியும் குச்சியும் வைத்துச் செய்வது பழகியவர் கையிலேயே அடிக்கடி நழுவும். கருவி இல்லையென்றால் கையால் அழுத்திக்கொண்டே இரு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த முடிவுகளோடு ஒரு நேரப் பங்கீடும் வந்தது. கைவேலைக்கு இருந்த 70 நிமிடத்தில் 35 டூர்னிக்கெட்டுக்குப் போனது. அழுத்தத்துக்கு 15, திணித்தலுக்கு 20. மாணவர்களின் ஆர்வம் எங்கே இருந்ததோ அங்கே நேரம் போயிற்று.

விபத்து: முதல் 15 நிமிடங்கள்

கீழே உள்ள நேரங்கள் தாழ்வார கேமராப் பதிவிலிருந்து எடுத்தவை, கை அறுபட்டதிலிருந்து நிமிடம்:வினாடி என்ற கணக்கில்.

இடைவேளை முடிந்து ஓடிவந்த 15 வயது மாணவன் கண்ணாடி பதித்த கதவைத் தள்ளினான். உள்ளங்கை சட்டத்தில் படாமல் கண்ணாடியில் பட்டது. கை உள்ளே போய்விட்டது, உடனே வெடுக்கென்று இழுத்தான். இத்தகைய காயங்களில் ஆழமான வெட்டு பெரும்பாலும் இழுக்கும்போதுதான் விழுகிறது. முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, முன்கையின் உட்பக்கத்தில், சுமார் 8 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சதை பிளந்தது.

30ஆவது வினாடியில் ஓர் ஆசிரியர் வந்தார். பயிற்சி பெறாதவர். விளையாட்டுப் பையிலிருந்த தடித்த துண்டைக் கையில் சுற்றி, மாணவனை நடத்தித் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப்போனார். துண்டு வெளியே நனையவில்லை என்பதால் காயம் சிறியதாகவே தெரிந்தது. 50ஆவது வினாடியில் எதிரே வந்த 16 வயது மாணவி தரையைப் பார்த்தாள். நடந்துவந்த வழியெங்கும் ரத்தம் சொட்டுச் சொட்டாக இல்லை, கோடாகவே வழிந்திருந்தது. 'சார், நடக்க வைக்காதீங்க. இங்கயே படுக்க வைப்போம்' என்றாள். அவள் பயிற்சி பெற்றவள். பின்னாலேயே வந்த 15 வயது மாணவனும் அப்படியே.

1 நிமிடம் 15 வினாடி ஆனபோது, தரையில் நீட்டிய கையை அவள் துண்டோடு அழுத்தினாள். இன்னொரு மாணவனை மருத்துவப் பெட்டிக்கு ஓடவிட்டார்கள். 1:50க்குத் துண்டைத் தூக்கிப் பார்த்தாள், பீறிட்டது. அழுத்தினாள். 2:20க்கு மறுபடி தூக்கினாள். 'அக்கா, கைய எடுக்காதீங்க' என்று கூட இருந்தவன் சொன்னது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அதன்பின் துண்டை ஒதுக்கி, தன் கைக்குட்டையைச் சிறிதாக மடித்து, ரத்தம் பீறிடும் இடத்தில் வைத்து, முட்டிபோட்டு நேர்க்கையால் சாய்ந்தாள். கசிவு கண்கூடாகக் குறைந்தது.

ஆம்புலன்ஸுக்கு 2:05 வரை யாரும் சொல்லவில்லை. அதற்குள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். மாணவர்கள் வளாகத்துக்குள் செல்பேசி வைத்திருக்கக் கூடாது, ஆசிரியரோ மாணவனின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். கூட இருந்த பையன் அவரை நேராகப் பார்த்து, 'சார், நீங்க போன் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க' என்றான். அதன் பிறகே அழைப்பு போயிற்று.

பெட்டி 4:40க்கு வந்தது. அது பூட்டிய அறையில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் வேறு கட்டடத்தில்.

பெட்டியில் டூர்னிக்கெட் ஒன்றுதான் இருந்தது. காயம் முழங்கைக்கு ஒட்டிக் கீழே இருந்ததால், பயிற்சி பெற்ற மாணவன் மூட்டைத் தவிர்த்து மேற்கையில் கட்டினான். இடம் சரி. ஆனால் முழுக்கைச் சட்டை சுருண்டு பட்டைக்கு அடியில் சிக்கியிருந்தது. தொய்வை இழுக்காமலே தடியை முறுக்கினான். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு முறுக்க முடியாமல் 5:40க்குத் தடியைப் பூட்டினான். மாணவி கையை எடுத்தாள். ரத்தம் நிற்கவில்லை. உள்ளங்கை கருநீலமாகி, புறங்கைச் சிரைகள் புடைத்தன.

6:05க்கு அவள் மறுபடி காயத்தை அழுத்தினாள். அவன் தடியை அவிழ்த்து, சட்டையைக் கிழித்து ஒதுக்கி, ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, பட்டையை முழு பலத்தோடு இழுத்து வெல்க்ரோவில் ஒட்டினான். இந்த முறை மூன்றாவது சுற்று முடிவதற்குள் ரத்தம் நின்றது. நேரம் 6:50. அடிபட்டவன் வலியில் கத்தினான். ஆசிரியர் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். 'தளர்த்தக் கூடாது சார், வலிக்கத்தான் செய்யும்' என்று கட்டியவன் மறுத்துவிட்டான்.

பட்டையின் வெள்ளைச் சீட்டில் நேரத்தை எழுதினார்கள். மேலே இரண்டு கம்பளிச் சட்டைகளைப் போர்த்தினார்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது மந்தமாகும் என்பதை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் கேட்டான், கொடுக்கவில்லை. 15ஆவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. கட்டிய நேரம் எது, முதலில் தொய்வாக இருந்து பிறகு மாற்றியது எப்போது என்று இரண்டையும் சொல்லி ஒப்படைத்தார்கள்.

மருத்துவமனையிலும் பிறகும்

முன்கைத் தமனி ஒன்று முழுதாக அறுந்திருந்தது. சிரைகளும் அறுந்திருந்தன, நடு நரம்பு பாதியளவு வெட்டுப்பட்டிருந்தது. டூர்னிக்கெட்டை அறுவை அரங்கில் அவிழ்த்தார்கள். கட்டியதிலிருந்து மொத்தம் 1 மணி 20 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால், கட்டியதால் வரும் நிலையான சேதம் அரிது. தமனியும் நரம்பும் தைக்கப்பட்டன. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கை தப்பியது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மரத்த உணர்வு பல மாதம் நீடித்தது. அது கண்ணாடி அறுத்த நரம்பால் வந்தது, கட்டியதால் வந்ததில்லை என்று அறுவை மருத்துவர் எழுதிக்கொடுத்தார். பள்ளியில் இது பற்றி வதந்தி கிளம்பியிருந்ததால் அந்தக் குறிப்பு உதவியது.

அழுத்திய மாணவியின் விரலில் பழைய வெட்டு ஒன்று ஆறாமல் இருந்தது. கையுறை பெட்டிக்குள், பெட்டி பூட்டிய அறைக்குள். கைகளைச் சோப்பால் கழுவி, அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். எச்ஐவி தொற்று வாய்ப்பு இருந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி விவரமும் பார்க்கப்படும். பரிசோதனையில் மருந்து தேவையில்லை என்று தெரிந்தது.

டூர்னிக்கெட் கட்டியவனுக்குச் சில இரவுகள் தூக்கமில்லை. முதல் முறை தவறாகக் கட்டியதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்ததாகச் சொன்னான். ஆலோசகரோடு, கேமராப் பதிவின் நேரக் கணக்கை மட்டும் வைத்து, எந்த நிமிடத்தில் என்ன செய்தான் என்று அவனே எழுதிப் பார்த்தான். பதிவைப் பார்க்க வைக்கவில்லை.

எது ஏன் அப்படி ஆயிற்று

துண்டுதான் முதல் எதிரி. தடித்த துண்டு அரை லிட்டரை வெளியே காட்டாமல் குடிக்கும். அதோடு அழுத்தத்தையும் பரப்பிவிடும். 20 கிலோ பலம் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தால், தமனி இருக்கும் புள்ளிக்குச் சிறு பங்குதான் போய்ச் சேரும். அதே பலம் மடித்த கைக்குட்டையின் வழியே ஒரு புள்ளியில் இறங்கினால் அடைபடும். நனைந்தால் மேலே மேலே துணி வை என்று பலரும் கற்றிருக்கிறார்கள். நனைந்துகொண்டே போகிறது என்றால் அழுத்தம் சரியான இடத்தில் இல்லை என்று பொருள். துணியைக் குவிப்பதை நிறுத்தி, ஒரு முறை துடைத்து, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அங்கே மறுபடி அழுத்த வேண்டும்.

இது எட்டிப் பார்ப்பதிலிருந்து வேறு. அழுத்தியும் வழிந்துகொண்டே இருந்தால் ஒரு முறை இடத்தைத் தேடலாம். வழியாமல் இருக்கும்போது தூக்கினால், உறையத் தொடங்கியது பிய்ந்துவிடும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாணவிக்கு இந்த விதி தெரியும், எழுத்துத் தேர்வில் எழுதியும் இருந்தாள். வகுப்பில் அவள் தொடர்ந்து அழுத்தியது 30 வினாடிக்கு மேல் இல்லை. உண்மையில் பெட்டி வரும் வரை மூன்றரை நிமிடம் அழுத்த வேண்டியிருந்தது. மணிக்கட்டு வலிக்கத் தொடங்குவதும், 'போதுமோ' என்ற எண்ணம் வருவதும் முதல் நிமிடத்துக்குப் பிறகுதான். அந்தக் கட்டத்தை அவள் கை வகுப்பில் ஒருநாளும் தாண்டவில்லை.

தொய்வான டூர்னிக்கெட் பயனற்றது மட்டுமில்லை, கேடும் செய்யும். சிரைகளில் அழுத்தம் குறைவு, லேசான நெரிப்பிலேயே அடைபடும். தமனியில் அழுத்தம் பல மடங்கு. ஆக, ரத்தம் கைக்குள் வருவது தொடர்கிறது, திரும்பும் வழி அடைந்துவிடுகிறது, காயத்தின் வழியே அதிகமாக வெளியேறுகிறது. கருநீலக் கையும் புடைத்த சிரையும் அதன் அடையாளம். சரியாகக் கட்டிய கை வெளுத்துப் போகும், மணிக்கட்டில் நாடி தெரியாது. வகுப்பில் பொம்மைக் கையில் கட்டியதால் இந்த நிற வேறுபாட்டை யாரும் பார்த்ததில்லை. 'தொய்வு' என்ற சொல்லை மட்டும் பயிற்றுநர் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், அந்த மாணவனுக்கு அதுவே நினைவுக்கு வந்ததாம்.

சரியாக நடந்தவற்றில் முக்கியமானது, படுக்க வைத்தது. நடந்துபோயிருந்தால் குழாயருகே மயங்கி விழுந்திருப்பான், தண்ணீர் ஊற்றிக் கழுவியும் இருப்பார்கள். ஆசிரியரிடம் ஒரு மாணவி 'வேண்டாம் சார்' என்று சொல்ல முடிந்ததும், அவர் கேட்டதும் தற்செயல். எல்லா ஆசிரியரும் கேட்பார்கள் என்று எண்ணிப் பாடத்தை அமைக்க முடியாது.

மாற்றியவை

கைவேலை நேரத்தின் பங்கு தலைகீழானது. அழுத்தத்துக்கு 35 நிமிடம், டூர்னிக்கெட்டுக்கு 20, திணித்தலுக்கு 15. ஒவ்வொரு மாணவரும் எடைக் கருவிமேல் தொடர்ந்து மூன்று நிமிடம் அழுத்த வேண்டும், முள் 20 கிலோவுக்குக் கீழே இறங்கினால் எதிரே நிற்பவர் குரல் கொடுப்பார். 40 கிலோவுக்குக் குறைவான மாணவர்கள் 15 கிலோவில் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குப் பிறகு இன்னொருவரோடு கை மாற்றிக்கொள்வார்கள். மாறும்போது புதியவர் கை மேலே வந்த பிறகே பழையவர் கை கீழிருந்து உருவப்பட வேண்டும். எளிதாகத் தெரியும் இந்தக் கைமாற்றில்தான் மாதிரியிலிருந்து அதிகத் தண்ணீர் பீறிடுகிறது.

மாதிரிகளில் பாதி முழுக்கைச் சட்டை போட்டு வைக்கப்படுகின்றன. சட்டையைக் கிழித்துக் காயத்தைக் காண்பதும், மடிப்பை ஒதுக்கிவிட்டுப் பட்டையைக் கட்டுவதும் பயிற்சியின் பகுதி. சில மாதிரிகளில் இரண்டாவது காயம் துணிக்கடியில் ஒளிந்திருக்கும். ஒன்றை நிறுத்தியதும் பலர் உடலின் மற்ற இடங்களைப் பார்ப்பதே இல்லை.

டூர்னிக்கெட் வரிசை இப்படி: பட்டையை இழு, மூன்று விரலை நுழைத்துப் பார், நுழைந்தால் மறுபடி இழு, பிறகே தடியைத் தொடு. ரத்தம் நிற்கும் வரை முறுக்கு, பூட்டு, நேரம் எழுது. காயத்தை அழுத்தும் கை, ரத்தம் நின்றதைக் கண்ணால் கண்ட பிறகே விலக வேண்டும். நிற்கவில்லையென்றால் இன்னும் முறுக்கு, அதற்கும் நிற்கவில்லையென்றால் முதலாவதற்கு மேலே ஒட்டினாற்போல் இரண்டாவது. அதனால் பெட்டிக்கு இரண்டு டூர்னிக்கெட். கூடவே காஸ் சுருள் நான்கு, அழுத்தக் கட்டு இரண்டு, கையுறை ஆறு ஜோடி, துணி வெட்டும் மழுங்குமுனைக் கத்தரி ஒன்று, அழியாத மை பேனா ஒன்று, உடல் சூட்டைக் காக்கும் போர்வைத்தாள் ஒன்று. இரண்டு ஜோடிக் கையுறை பெட்டிக்கு வெளியே ஒட்டிய பையில் இருக்கும், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கைக்கு வரும்.

அழைப்பு, பெட்டி, அழுத்தம், கூட்டத்தை விலக்குவது என்று நான்கு வேலைகளைப் பெயர் சொல்லியோ கைகாட்டியோ ஒப்படைக்கும் பயிற்சி சேர்ந்தது. 'யாராவது போன் பண்ணுங்க' என்று சொன்னால் அந்தச் சுற்று தோல்வி, மறுபடி தொடங்க வேண்டும். தாழ்வாரத்தில் பெட்டிக்கு மேலேயே ஓர் உள்ளிணைப்புத் தொலைபேசி வந்தது. கதவுகளில், உடைந்தால் கூரில்லாத சிறு துண்டுகளாகும் கண்ணாடி பதித்தார்கள். செலவில் இதுதான் பெரியது, இந்தப் பட்டியலில் அதிக ரத்தத்தைத் தடுக்கப்போவதும் இதுதான்.

ஆசிரியர்களுக்கும் அதே வகுப்பு, மாணவர்களோடு கலந்து. மாணவர் அழுத்த, ஆசிரியர் பெட்டி எடுத்துவரும் சுற்றும் உண்டு. சிலருக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் விடவில்லை.

மறுபயிற்சி ஆண்டுக்கு ஒன்று என்றிருந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை 15 நிமிடம் என்று மாறியது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நேரடி வகுப்பு முடிந்த கையோடு டூர்னிக்கெட்டைச் சரியாகக் கட்டியவர்கள் ஏறத்தாழ 88 சதவீதம், 3 முதல் 9 மாதம் கழித்துச் சோதித்தபோது சுமார் 55 சதவீதம். அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். மாணவர்களிடம் வேறு விதமாக இருக்கும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. மறுபயிற்சியில் பேச்சு கிடையாது, எடைக் கருவியும் பட்டையும் மட்டும்.

மருத்துவப் பெட்டி பூட்டில்லாமல் தாழ்வாரச் சுவருக்கு மாறியது. முதல் பருவத்திலேயே கையுறைகள் விளையாட்டாக எடுத்து ஊதப்பட்டன, ஒரு பேனாவும் காணாமல் போயிற்று. பூட்டு மறுபடி போடவில்லை. மாதம் ஒரு முறை சரிபார்க்கும் பொறுப்பை மூத்த வகுப்பு மாணவர்கள் இருவரிடம் கொடுத்து, கையுறையைக் கூடுதலாக வாங்கி வைத்தார்கள்.